காகிதம் விட்டுருச்சு, மச்சான்

அன்பு மச்சானுக்கு, உங்கள் பாத்திமா ஸலாம் சொல்லி எழுதுவது.

நீங்கள் மறைந்தபின் இருந்த இத்தா முடிந்துவிட்டது. புருஷனை இழந்தவள் வெளி ஆண்களின் முகம் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இந்த மாதங்களில், உங்களிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. ஆனாலும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்கள் வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வந்தார். அன்றைக்கு உங்கள் தம்பி ரசூலின் கால் ஒடியப் பார்த்தது. நிதானமாகத்தான் சொல்வேன். "சுருக்கமாச் சொல்லு ஏட்டி" என்று நடுவில் வெட்ட இப்போது உங்களால் முடியாது.

இதைப் படிக்கப் போகிற மற்றவர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டு ஓடியவர் நீங்கள். ஊர் திரும்பும்போது இதை ஏலத்தில் எடுத்து வந்தீர்கள். டிரையல்ஸ் பைக் என்றீர்கள். அதில் ஒரு ஆள்தான் ஏறலாம். சீட்டு பேருக்குத்தான், ஓட்டுகிறவர் நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். சைலன்சர் தொடை உயரத்தில் போகும். பாறை மேலும் ஓடைக் கல் மேலும் ஆள் நடப்பதைவிட மெதுவாக, கால் ஊன்றாமல் ஏற்றி இறக்க வேண்டும். கால் தரையில் பட்டால் தோற்றது மாதிரி. அவ்வளவுதான் விளையாட்டு.

"இம்புட்டு பெட்ரோலைக் குடிச்சிட்டு மாட்டு வண்டிக்குப் பின்னால போகுதே, இது என்னத்துக்கு மாப்ளே?" என்று என் அத்தா கேட்டார். மாமனுக்குப் பதில் பேசக் கூடாது என்று நீங்கள் சிரித்துக்கொண்டே நின்றீர்கள். ராஜபாளையம் மில்லுக்கு டவுன் பஸ்ஸில் போவீர்கள். ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்பு ஓடைக்குத்தான் வண்டி. ரசூல் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் கழிவாகும் துணியைக் கிழித்து முள்ளுச்செடிகளில் கட்டி, அந்த வெள்ளைக் கட்டுகளுக்கு நடுவே போய் வருவீர்கள். "மலைக்கு எங்கன அடிபட்டிருக்கு பாய்?" என்று ஆடு மேய்க்கிறவர் கேட்டதை எத்தனை தடவை சொல்லிச் சிரித்தோம்!

அந்த வண்டிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. டைமிங், அதாவது இஞ்சினுக்குள் பொறி விழும் நேரம், முந்திப்போனால் கிக்கர் திருப்பி உதைக்கும். உங்கள் கணுக்கால் அப்படித்தான் ஒடிந்தது. அன்று ஒத்தை ஆளாக, காகிதத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு டைமிங் வைத்தீர்கள். மாவுக்கட்டைப் பிரித்துக்கொண்டு வந்ததும் அடுப்படிக்கு வந்து நின்றீர்கள். "ஏட்டி, இதுக்கு ரெண்டு பேரு வேணும் போல. செத்த வா."

பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு சைக்கிள் ஸ்போக்கை விடுவீர்கள். அதில் ஒரு கீறல் போட்டிருப்பீர்கள். நீங்கள் பின்சக்கரத்தை இம்மி இம்மியாகத் திருப்ப, உள்ளே பிஸ்டன் தள்ளி கம்பி மேலே ஏறும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளில் ஒரு துண்டை, திறந்து மூடிப் பொறியைத் தட்டிவிடும் பாயிண்ட்டின் இடுக்கில் செருகி நான் பிடித்திருப்பேன். பாயிண்ட் திறக்கிற கணத்தில் காகிதம் இழுக்காமலே கையோடு வரும். "விட்டுருச்சு" என்பேன். நீங்கள் உடனே சக்கரத்தை நிறுத்துவீர்கள். கீறல் ஓட்டையின் வாயோடு சேர்ந்து நின்றால் டைமிங் சரி. கீறல் வரும் முன்பே விட்டுவிட்டால் முந்திப்போயிற்று. அரிசி களைந்த கையைத் துடைத்துக்கொண்டு எத்தனை ஞாயிறு அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்!

மதுரை ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலியோடு நீங்கள் படுத்திருந்தபோது உங்கள் கை என் கைக்குள் இருந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. காகிதம் பிடித்துப் பழகின விரல்கள் அல்லவா? ஆனால் அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை. அதற்குப் பிறகு வேறு எதற்கும்கூட அதைச் சொல்லாமல் ஒதுக்கிக்கொண்டே வந்தேன். மழை விட்டதைக்கூட "நின்னுபோச்சு" என்றுதான் சொன்னேன்.

இனி அன்றைக்கு நடந்தது. உங்கள் தாயார், என் மாமி, பின்முற்றத்தில் நிற்கும் வண்டியைப் பார்க்க மாட்டாமல் தவித்தார்கள். "தண்ணி எடுக்கப் போனா அவன் குனிஞ்சு உக்காந்திருக்க மாதிரியே இருக்குலே. எங்கனயாவது கொண்டு போயிரு" என்று ரசூலிடம் அழுதார்கள். அவர்தான் என்ன செய்வார்? வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு அண்ணாச்சியைக் கூட்டி வந்தார். நான் உள்ளறையில் சுவரோடு ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓடுதான்னு காட்டுங்க தம்பி. ஓடுச்சுன்னா இப்பமே ஏத்திட்டுப் போயிருவேன். இஞ்சினை மட்டும் கழட்டி என் லோடு வண்டியில மாட்டிக்கிடுவேன். மத்தது பழைய இரும்புக்குத்தான்."

பழைய இரும்பு! ஓடக் கூடாது, ஓடவே கூடாது என்று துஆ கேட்டேன் மச்சான். அல்லாஹ்விடம் யாராவது இப்படிக் கேட்பார்களா?

"நேத்துதான் பாயிண்ட்டைத் தேச்சு நானே டைமிங் வச்சேன்" என்று ரசூல் சொன்னது கேட்டது. நானே என்றால்? காகிதம் யார் பிடித்தது? நினைத்து முடிக்கும் முன்பே அவர் ஒரு உதை விட்டார். டப் என்று ஒரு இருமல். கூடவே கிக்கர் திரும்பி வந்து அடிக்கும் இரும்புச் சத்தம். உங்கள் கால் ஒடிந்த காலையில் அடுப்படியில் இருந்து நான் கேட்ட அதே சத்தம்.

"லேசா மிதிச்சிட்டேன் அண்ணாச்சி. இப்பம் ஏறி நின்னு மிதிக்கேன், பாருங்க."

நான் பேசாமல் இருந்தால் வண்டி போகாது, ரசூலின் கால் போகும். பேசினால் கால் தப்பும், ஆனால் டைமிங் சரியாகும், வண்டி ஓடும், இன்றைக்கே போய்விடும். இதை எழுதுகிற நேரம்கூட எனக்கு அப்போது இல்லை.

"தம்பி, காலை எடுங்க!"

என் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். மாமி பதறி உள்ளே ஓடி வந்தார்கள். "இத்தாவுல இருக்கவ இப்பிடியா சத்தம் போடுவா? வெளியாளு நிக்கான்!"

"மாமி, அது திருப்பி உதைக்கும். அவியளுக்கு ஒடிஞ்ச மாதிரி இவுகளுக்கும் ஒடியும். டைமிங் முந்திக் கிடக்கு மாமி."

மாமி என் முகத்தையே பார்த்தார்கள். பிறகு முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். "அண்ணாச்சி, நீங்க செத்த நேரம் வாசல்ல இருங்க. ஏலே ரசூலு, வண்டியை இங்கன தள்ளிட்டு வா." தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை எடுத்து, இரண்டு கையாலும் உயர்த்தி, பின்வாசல் நிலையில் திரையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

துப்பட்டிக்குக் கீழே என் கை மட்டும் வெளியே போயிற்று. ரசூல் பிளக்கைக் கழற்றி ஸ்போக்கை விட்டார், காகிதத்தை என் விரலில் கொடுத்தார். தடவித் தடவி பாயிண்ட்டைக் கண்டுபிடித்துச் செருகினேன். ரசூல் சக்கரத்தைத் திருப்பினார். காகிதம் என் விரலோடு வந்தது. நான் சொல்லவில்லை. அவர் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"மதினி? கீறல் தாண்டியே போச்சு. இன்னுமா விடலை?"

"மறுபடி சுத்துங்க தம்பி."

மறுபடியும் அதே. தலைக்கு மேல் மாமி பிடித்திருந்த துணி மெல்லத் தாழ்ந்து வந்தது. "கை வலிக்கு. சொல்லேன்ம்மா, என்ன சொல்லணுமோ அதைச் சொல்லேன்" என்றார்கள். அவர்களுக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரிந்தா சொன்னார்கள்?

மூன்றாவது முறை காகிதம் வந்தபோது, "விட்டுருச்சு" என்றேன்.

சக்கரம் நின்றது. "ஆத்தாடி, கீறல் ரொம்ப உள்ள கிடக்கே மதினி. இதையா ஏறி நின்னு மிதிக்கப் போனேன்?" ரசூலின் குரல் செத்துப்போயிருந்தது. ஸ்க்ரூவைத் தளர்த்தி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பிளேட்டைத் தள்ளி வைத்தார். திருப்பினார். "விட்டுருச்சு." இன்னும் கொஞ்சம் தள்ளினார். "விட்டுருச்சு." கடைசியில், "வாயும் கீறலும் ஒண்ணாச்சு மதினி" என்றார். அதற்குள் என் முகமெல்லாம் நனைந்துவிட்டது. மாமியும் அழுதுகொண்டிருந்தார்கள், கை இரண்டும் மேலே இருந்ததால் துடைக்க முடியவில்லை.

பிளக்கை மாட்டி ஒரே உதை. ஓடியது. நீங்கள் ஓடவிடுகிற மாதிரியே, எண்ணிவிடலாம் போல மெதுவாக ஓடியது. வாசலில் இருந்து அண்ணாச்சி உற்சாகமாக வந்தார். "அருமையா ஓடுது தம்பி. ஏத்திரலாமா?"

நான் காகிதத்தைக் கைக்குள் கசக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரசூல் இஞ்சினை அணைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேலே சத்தமாகச் சொன்னார்.

"இல்ல அண்ணாச்சி. குடுக்கதுக்கு இல்ல."

"என்ன தம்பி, வரச் சொல்லிட்டு விளையாடுதீங்களா?"

"மன்னிச்சுக்கிடுங்க. இதுக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தர் உள்ள இருக்காக. இன்னொரு ஆளா நான் இருந்துக்கிடுதேன்."

மாமி அண்ணாச்சிக்கு டீ போடத்தான் போனார்கள். இப்போது தண்ணீர் எடுக்கப் போகிறபோது சீட்டில் ஏறும் கோழியை விரட்டிவிட்டு வருகிறார்கள்.

போன ஞாயிறு மூன்று பேருமாகச் செண்பகத்தோப்புக்குப் போனோம். நானும் மாமியும் ஆட்டோவில். நீங்கள் கட்டிய துணிகள் மழையில் பழுத்துக் கிழிந்திருந்தன, புதிதாகக் கட்டினோம். ரசூல் வண்டியில் போனதைவிட கால் ஊன்றி நடந்ததுதான் அதிகம். நான் கரையில் நின்று ஏசிக்கொண்டே இருந்தேன். நீங்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அன்று ஆஸ்பத்திரியில் நான் வாய் திறக்காமல் இருந்தபோது, சொல்லுவேன் என்று காத்திருந்தீர்களா?

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வண்டி ஓடுகிற வரைக்கும் காகிதம் பிடிக்கிற கை இதுதான். யார் காலும் ஒடிய விடமாட்டேன். அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். விட்டுருச்சு, மச்சான். நீங்கள் சக்கரத்தை நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமன் மகள்,
பாத்திமா
ஸ்ரீவில்லிபுத்தூர்