இரு பக்கமும் அம்மன்

ஜூன் 9, 2024 – ஞாயிறு

காலையிலிருந்து ஆறு கிலோ செம்புக் காசு. கூடத்தில் பழைய வேட்டியை விரித்துக் கொட்டியிருக்கிறேன். திருமயம் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றைப் பிரித்தபோது அண்டாவோடு வந்ததாம். கீரமங்கலத்தில் பழைய பாத்திரக் கடை வைத்திருக்கும் நாகராசு அனுப்பியது. காலணா ஒரு குவியல், இலங்கைச் சதம் ஒரு குவியல், சிங்கப்பூர் சதம் ஒரு குவியல். விரலெல்லாம் பச்சைக் களிம்பு.

"புளி போட்டு விளக்கித் தரவா? செம்புக் குடம் மாதிரி பளபளன்னு ஆகிரும்" என்றாள் மனைவி அமுதவல்லி. பதினைந்து வருடமாக இதே கேலி. புளி பட்ட காசு செத்த காசு, சேகரிப்பவன் தொட மாட்டான் என்று அவளுக்கும் தெரியும்.

வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நாகராசுவுக்குத் திருப்பிவிடுவது எங்கள் ஏற்பாடு. ஏப்ரலில் வந்த பதினொரு கிலோவில் கழித்த பையைப் போன வாரம்தான் அனுப்பினேன். அதில் ராஜா காலத்து நம் ஊர் அம்மன் காசு மட்டும் நூற்றுக்கு மேல். அம்மன் முகம் தெரிந்ததுமே ஒதுக்கிவிடுவேன். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவன் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஜூன் 11

கல்லூரியில் துறை அறையிலிருந்து என் நாற்காலியை எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை. பதினேழு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். கௌரவமாம். என்னிடம் படித்தவன் இன்று துறைத் தலைவர். நான் நின்றுகொண்டே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இதையும் மறக்க மாட்டேன்.

ஜூன் 22 – சனி

நாகராசு வந்தான். மாத்திரை உறை ஒன்றைப் பிரித்து ஒரு காசை என் உள்ளங்கையில் வைத்தான்.

"சார், இத என்னன்னு பாருங்க. நானா ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

அம்மன் காசு. திருப்பினேன். 'விஜய' இல்லை. அங்கேயும் அம்மன்தான் – பள்ளமாக, இடம் வலம் மாறி, மெழுகில் முத்திரை குத்தியது போல.

முதலில் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட, அடுத்த வெறும் தகட்டின் மேல் அந்தக் காசே அச்சாக விழுந்தால் இப்படி வரும். எங்கள் நாணயச் சங்கத்தில் பிராக்கேஜ் என்பார்கள். அம்மன் காசில் இப்படி ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. போலியும் செய்வார்கள்: இரண்டு நல்ல காசுகளைச் சேர்த்துப் பட்டறை இடுக்கியான வைஸில் வைத்து முறுக்குவார்கள். அப்போது மேட்டுப் பக்கம் நசுங்கிப்போகும். பள்ளத்துக்கு அடியில் பழைய எழுத்து நிழல் போல நிற்கும். இதில் மேடு கூர்மையாக இருந்தது. எழுத்தின் நிழல் இல்லை. எடையும் சரி. எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது அவன் சொன்னான்: "நீங்க பாத்துட்டுத் திருப்பிக் குடுத்த பையிலதான் சார் கெடந்துச்சு."

லென்ஸைக் கீழே வைத்தேன்.

"வைஸ்ல வச்சு அமுக்கினது நாகராசு. போலி."

"அப்டிங்களா..." என் கையிலிருந்த காசைப் பார்த்தான். "நல்லாப் பாத்தீங்களா சார்?"

"பார்த்தாச்சு."

"மூணு நாளா ஒரே நெனப்பா இருந்துச்சு. சங்கக் கண்காட்சிக்கு வைக்கலாம்னு எம் மக இளமதி கார்டுகூட அடிச்சுப்புட்டா, என் பேரப் போட்டு." சிரித்தான். காசை மறுபடி உறையில் மடித்தான். "போலிக்குப் பேரு ஒண்ணுதான் கொறச்சல். வாரேன் சார்."

அமுதவல்லி கொண்டுவந்த காபியைக் குடிக்காமலே போய்விட்டான்.

ஜூன் 23

ஏன் சொன்னேன்?

இரண்டு வருடம் முன்பு சங்கக் கண்காட்சியில் என் டச்சுக் காசை வைத்திருந்தேன். நாகப்பட்டினத்து ஆளிடம் வாங்கியது. நான்கு பக்கக் கட்டுரையும் எழுதி ஒட்டியிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற நாகராசு குனிந்து பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், "சார், ஓரத்துல கோடு ஓடுதே, ஊத்துன காசு மாதிரில்ல இருக்கு" என்றான். வார்ப்பில் ஊற்றியது என்றால் போலி. சங்கச் செயலாளர் அண்ணாமலை லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாகராசு சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றே சண்டை போட்டு முடித்திருப்பேன்.

முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் பையிலிருந்த தகரக் கத்தரியையே வாங்கினேன். அந்தக் காசை இரண்டாக வெட்டினேன். "போலியைப் புழங்க விடக் கூடாது. இனி நம் சங்கத்தில் இதுதான் முறை" என்று பேசினேன். கை தட்டினார்கள். அவமானத்தைக் கொள்கையாக மாற்றிவிட்ட சாமர்த்தியத்தை அன்று நானே மெச்சிக்கொண்டேன்.

நேற்று அவன் என்னைச் சோதிக்கத்தான் வந்தான். "நீங்க சொல்லுங்க" என்றால் என்ன அர்த்தம்? நான் தவறவிட்டதை என் வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுகிறான்.

– இல்லை. தெரியாமல்தான் கேட்டான். முகத்தைப் பார்த்தேனே.

ஜூன் 26

எடை சரியாக இருந்தது. தராசில் போட்டதை அவனும் பார்த்தான். கேட்கவில்லை.

ஜூலை 3

அமுதவல்லி கேட்டாள்: "அவர் ஏன் போன்கூடப் பண்ணலை? பத்து நாளாச்சு."

"அவனுக்கு என்ன வேலையோ."

"அவருக்கு ஒங்க வயசு. அது என்ன எப்பப் பாத்தாலும் அவன் இவன்னு?"

மாடிக்குப் போய் அவன் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும் முன் துண்டித்தேன்.

ஜூலை 14 – ஞாயிறு

புதுக்கோட்டையில் சங்கக் கூட்டம். ஆகஸ்ட் 17, 18 கண்காட்சி என்று முடிவாயிற்று. அண்ணாமலை சென்னையிலிருந்து வந்திருந்தார். மேசைகளைப் பங்கிடும்போது, "நாகராசண்ணே, என்னமோ பெருசாக் கொண்டாரேன்னு போன்ல சொன்னீங்களே, அம்மன் காசுன்னு?" என்றார்.

"அது சரியில்லீங்க. சார் பாத்துட்டாங்க. வைஸ் வேலையாம்."

"நம்ம பெரியண்ணன் சார் கண்ணுக்குத் தப்புமா! டச்சுக் காசுக்கு அப்புறம் லென்ஸையே மாத்திட்டாருல்ல" என்றார் அண்ணாமலை, என்னைப் பார்த்து.

எல்லாரும் சிரித்தார்கள். நாகராசு மட்டும் குரலை உயர்த்தினான்: "அட நீங்க வேற. நல்லவேளை சார்ட்ட மொதல்ல காட்டுனேன். நேரா இங்க கொண்டாந்து வச்சிருந்தா மானம் போயிருக்கும். சார் காப்பாத்துனாங்க."

காப்பாற்றினேன்.

எழுந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முழங்காலில் கை ஊன்றினேன்கூட. அண்ணாமலை தேநீருக்கு அழைத்தார். எழுந்து தேநீர் குடிக்கப் போனேன். எனக்குப் பக்கத்தில் நின்ற நாகராசு தன் பிஸ்கட்டில் ஒன்றை என் தட்டில் வைத்தான்.

ஜூலை 20 – சனி

கீரமங்கலம் போனேன். பஸ்ஸில் வசனம் தயாராகிவிட்டது: 'புது லென்ஸ் வாங்கியிருக்கிறேன், அந்தக் காசை இன்னொரு முறை பார்ப்போம்.' பார்ப்பேன், வியப்பேன், நல்ல காசு என்பேன். பொய்யும் சொன்னதாகாது, பெயரும் கெடாது. என்ன மூளை!

கடையில் அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டான். கல்லூரியில் பிடுங்கிக்கொண்ட நாற்காலி நினைவுக்கு வந்தது.

வசனத்தைச் சொன்னேன்.

"அதுவா சார்? அத அன்னைக்கே வெட்டிட்டேனே."

"...வெட்டிட்டீங்களா?"

"நீங்கதான சார் சொன்னீங்க, போலியப் புழங்க விடக் கூடாதுன்னு. நம்ம கடையிலேருந்து அது வெளிய போயி, நாளைக்கு ஒருத்தன் ஏமாந்தா நமக்குல்ல கெட்ட பேரு."

அலமாரியிலிருந்து ஒரு பூஸ்ட் டப்பாவை இறக்கினான். இரண்டு வருடமாக வெட்டிய போலிகளை அதில்தான் போடுகிறானாம். என் டச்சுக் காசின் பாதிகளும் உள்ளே கிடந்தன. கிளறி இரண்டு துண்டுகளை எடுத்துக் கொடுத்தான். வெட்டு அம்மனின் மடியை இரண்டாக்கிப் போயிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இத நான் எடுத்துக்கட்டுமா?"

"போலிய வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க?"

"பிள்ளைகளுக்குப் பாடத்துல காட்ட."

"தாராளமா எடுத்துக்கங்க" என்று காகிதத்தில் மடித்தே கொடுத்தான். பஸ் ஏறும்வரை கூடவே வந்து நின்றான்.

ஜூலை 21

துண்டுகளை லென்ஸில் பார்த்தேன். வெட்டுவாயில் செம்பு ஒரே சீராக, சிவப்பாக இருக்கிறது. ஒரு சந்தேகமும் இல்லை. தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அமுதவல்லி பின்னால் நின்றிருக்கிறாள். "அவர் கொண்டாந்ததா? நல்ல காசா?"

ஆம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஒங்கள யாரும் மதிக்கலைன்னு தெனமும் சொல்றீங்க. மதிச்ச ஒரே மனுசன் அவருதாங்க."

உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 29

கீரமங்கலம் போகவில்லை. வயிற்று வலி என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4 – ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நாகராசுவின் கடையில் ஓர் அம்மாள் பித்தளைக் குடம் ஒன்றைப் போட வந்திருந்தார். நாகராசு அதைத் தராசில் வைத்திருந்தபோது, "அந்த அம்மன் காசு நல்ல காசு நாகராசு" என்றேன். அவர் திரும்பவில்லை. முள் நிற்கும்வரை பார்த்தார், எடை சொன்னார், அந்த அம்மாளை அனுப்பினார். பிறகு தராசுத் தட்டைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

அங்கேதான் இருந்தது வழி. 'இப்போதுதான், துண்டைப் பார்த்தபிறகுதான்' என்றால் போதும். நம்பியிருப்பார். நான் எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர். நாக்கு நுனிவரை வந்தது.

"அன்னைக்கே" என்றேன்.

"அன்னைக்கேவா?"

"ஆமா."

"நா கேட்டேனே சார். நல்லாப் பாத்தீங்களான்னு கேட்டேனே."

உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளமதி எழுந்து வந்தாள். கல்லூரி முடித்த பெண். "எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க? எங்கப்பா ஒங்களுக்கு என்ன பண்ணாரு?" என்றாள். டச்சுக் காசு என்று சொல்ல வாயைத் திறந்தேன். எவ்வளவு சின்ன விஷயம் அது.

நாகராசு மேலே பூஸ்ட் டப்பாவைப் பார்த்தார். "என் கையாலயே வெட்டினேன்" என்றார். என்னிடம் சொன்னதல்ல. பிறகு, "நீங்க போங்க சார். கடையில வேலை இருக்கு" என்றார்.

பஸ் வரை யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 17 – சனி

கண்காட்சி முதல் நாள். என் மேசையில் வேறு எதையும் வைக்கவில்லை. வெள்ளைத் துணியில் இரண்டு துண்டுகள். பக்கத்தில் என் கையெழுத்தில் ஓர் அட்டை:

'புதுக்கோட்டை அம்மன் காசு. இரு பக்கமும் அம்மன். அச்சடிக்கும்போது நேர்ந்த பிழை. உண்மையான காசு. கண்டெடுத்தவர்: திரு. நாகராசு, கீரமங்கலம். உண்மை என்று தெரிந்தே இதைப் போலி என்று சொன்னவர்: பெரியண்ணன், ஆலங்குடி. அதை நம்பி இது வெட்டப்பட்டது.'

அண்ணாமலை படித்துவிட்டு என்னை ஓரமாக அழைத்தார். "சார், கடைசி ரெண்டு வரிய எடுத்துருவோமே. வெளியூர்க்காரங்கள்லாம் வர்றாங்க. சங்கத்துக்கும் ஒரு மாதிரியா இருக்கு."

"அது இருக்கட்டும்."

"ஒங்க இஷ்டம்" என்றார். பிறகு என் பக்கம் வரவே இல்லை.

பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தி அட்டையைச் சத்தமாக வாசித்துவிட்டு, "சார், இந்தப் பெரியண்ணன் யாரு?" என்று என்னையே கேட்டாள். "நான்தாம்மா" என்றேன். அவளுடைய டீச்சர் அவளைத் தோளைப் பிடித்து அடுத்த மேசைக்கு நகர்த்தினார்.

நாகராசு வரவில்லை.

மாலையில் ஒரு கணம் – எழுதவே கூசுகிறது – எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறோம் என்று எனக்கே ஒரு பெருமை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 18 – ஞாயிறு

பதினொரு மணி இருக்கும். நாகராசு வந்தார், இளமதியோடு. வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்காமல் மேசையை மட்டும் பார்த்தார். குனிந்து துண்டுகளைப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இளமதி அவர் பெயர் இருந்த வரியைப் போனில் படம் எடுத்தாள்.

"எல்லாம் போட்டிருக்கீங்க" என்றார்.

நான் தலையசைத்தேன்.

"எங்க கெடந்து எடுத்தேன்னு போடலையே."

எனக்குப் புரிந்தது. புரியாதது போல ஒரு நொடி நின்றேன், அதையும் அவர் பார்த்தார்.

"ஒங்க கழிசல் பையில சார். நீங்க பாக்காம விட்டது. அத மறைக்கத்தான இவ்வளவும்?"

கோபமாகச் சொல்லவில்லை. என் டச்சுக் காசின் ஓரத்தில் கோடு ஓடுவதைக் காட்டினாரே, அதே குரல்.

பேனாவை எடுத்து அட்டையின் அடியில் எழுதினேன்: 'கிடைத்த இடம்: பெரியண்ணன் திருப்பிப் பார்க்காமல் கழித்த பை.' இடம் போதாமல் 'கழித்த' இரண்டு வரியாகிவிட்டது. அவர் குனிந்து அதையும் படித்தார்.

"இப்ப சரி" என்றார். இளமதி இன்னொரு படம் எடுத்தாள், இந்த முறை முழு அட்டையையும்.

செப்டம்பர் 15 – ஞாயிறு

மினி பஸ்ஸில் ஒரு பை வந்தது. நாலு கிலோ. கட்டு முன்பு போல் இறுக்கமாக இல்லை. பிரித்து மறுபடி கட்டியது. உள்ளே நோட்டுத்தாளில் நாகராசுவின் கையெழுத்து: 'நான் பாத்து எடுத்தது போக மிச்சம். வேணும்னா பாருங்க.'

கூடத்தில் வேட்டியை விரித்தேன். அமுதவல்லி புளி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காபியை வைத்துவிட்டுப் போனாள்.

காலணா, சதம் எல்லாம் பிறகு. முதலில் அம்மன் காசு. முப்பத்தெட்டு. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். எல்லாம் 'விஜய'.