ஊசியெல்லாம் அவளுக்கு மட்டுமா

ஏப்ரல் 28, ஞாயிறு
மீன்பிடித் தடைக்காலம். எங்கள் ஊர் நல்லவாட்டில் படகெல்லாம் கரையேறிக் கிடக்கிறது. பாகூர் சந்தைக்கு நான் மீன் கூடையோடு போகாததால் என் கிண்டலுக்குத் தப்பிப் பல பேர் நிம்மதியாக இருப்பார்கள்.

இன்று நாத்தனார் வள்ளியம்மாள் மகளுக்கு வளைகாப்பு. என் மருமகள் செல்வகுமாரி வளையலைக் கையில் எடுத்தாள். "நீ அப்பறம் போடலாம், அங்க போயி குந்தும்மா" என்று என் பக்கம் கை காட்டினாள் வள்ளியம்மாள். நான் புருஷனைப் பறிகொடுத்தவள், ஓரமாக உட்கார்ந்திருந்தேன். செல்வகுமாரியின் புருஷன், என் மகன், குத்துக்கல்லாட்டம் பந்தியில் உட்கார்ந்து புளிசாதம் தின்கிறான், அவளுக்கு எதற்கு என் பக்கத்தில் இடம்? கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அதுதான் அவள் செய்த குற்றம்.

நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். சோறென்றால் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஊருக்கே தெரியும்.

மே 3
நானும் செல்வகுமாரியும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம், ஸ்கேன் எல்லாம் போன மாதமே ஆயிற்று. இன்று கர்ப்பப்பைக் குழாய் அடைத்திருக்கிறதா என்று மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்தார்கள். வெளியே வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. அடைப்பு இல்லையாம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம்.

டாக்டரம்மா கேட்டார்: "உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? ஒரு வருஷம் சேர்ந்திருந்தும் தங்கலன்னா ரெண்டு பேரையும் ஒண்ணா பாக்கணும். பல பேருக்கு ஆம்பள பக்கமும் காரணம் இருக்கும். அவருக்கு இந்த வலியெல்லாம் இல்ல, புட்டியில விந்து குடுத்தா போதும்."

"படகு வேலையா இருக்காரு" என்றாள் இவள்.

தடைக்காலத்தில் என்ன படகு வேலை? சீட்டாடிக்கொண்டிருக்கிறான். நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மே 4
என் மகன் அருள்முருகனிடம் கேட்டேன்.

"எனக்கு இன்னா கொற? நான் ஆம்பளம்மா."

"மீச தெரியுதுடா. டாக்டரு மீசைய எண்ணமாட்டாங்க."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். போகட்டும்.

மே 9
வள்ளியம்மாள் வந்தாள். "இவள மணப்பட்டுக்கே அனுப்பிடு, அவங்கம்மா பாத்துக்கட்டும். நம்ம புள்ளைக்கு வேற பொண்ணு பாக்கலாம். கடலூர் பக்கம் ஒண்ணு இருக்குது."

மகன் அங்கேதான் வலை தைத்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பெற்றேனே இவனை — எதற்குப் பெற்றேன்? பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்த செல்வகுமாரி குழாயை மூடினாள். எல்லாம் கேட்டுவிட்டது.

"எஞ்சின் ஓடலன்னா எஞ்சினத் தொறந்து பாக்கணும் அண்ணி. படக மாத்துவாங்களா?" என்றேன்.

"மருமவளுக்குப் பரிஞ்சிப் பேசற மாமியார இப்பதான்டி பாக்கறேன்."

"நல்லா பாத்துக்க. டிக்கெட் இல்ல."

சிரித்துக்கொண்டே சொன்னேன்.

மே 10
புட்டி கொடுக்கும்வரை இந்த வீட்டில் சோறு இல்லை என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அத்தை வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

மே 14
வள்ளியம்மாள் வைக்கும் குழம்பு அவனைத் திருத்திவிட்டது. வீட்டிலேயே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் லேபில் கொடுக்கலாமாம். பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். சோறு போட்டேன்.

மே 16
மூவரும் போனோம். புட்டியில் இருந்ததில் உயிரணு ஒன்றுகூட நகரவில்லையாம். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டரம்மா யோசித்துவிட்டு, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

"ஐஸ் பெட்டியில மேடம். கெட்டுடக் கூடாதுல்ல. கீழ ஐஸ், மேல ஐஸ், நடுவுல புட்டி."

எங்களுக்கு வேறென்ன தெரியும்? எது கெடாமல் இருக்க வேண்டுமோ அது ஐஸுக்குள் போகும். ஆனால் உடம்புச் சூட்டில், சட்டைக்குள் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். குளிர்ந்தால் அசைவு போய்விடுமாம். மறுபடி கொடுக்க வேண்டும்.

"வஞ்சிரம்னு நெனச்சியாடா" என்றேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செல்வகுமாரி சிரிக்கவில்லை. எனக்கும் நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அவள் சொன்ன நாளில் போனாள், சொன்னபடி படுத்தாள், சொன்ன ஊசியைப் போட்டுக்கொண்டாள், சொன்ன மாத்திரையைத் தின்றாள். இவனால் ஒரு புட்டிக்குக் காது கொடுக்க முடியவில்லை.

மே 23
இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தான். உடம்பையும் சோதித்தார்கள். உயிரணு குறைவு. விதைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறது. சின்ன ஆபரேஷன் செய்து, புகையிலையை விட்டு, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாமாம். கட்டாயம் பிள்ளை தங்கும் என்று சொல்ல முடியாதாம்.

"இதுல யார் மேலயும் தப்பு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

நரம்பு புடைத்தது தப்பு இல்லை, சரி. அன்றைக்குத் தலை குனிந்து வலை தைத்தானே, அது யார் தப்பு?

மே 24
செல்வகுமாரி துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

"மணப்பட்டுக்குப் போறேன் அத்த. யாரும் அனுப்பல, நானாத்தான் போறேன். நான் திரும்பி வரணும்னா அவரு வரட்டும். என்ன அனுப்பச் சொன்னாங்களே, அவங்களையும் கூட்டிக்கினு வரட்டும். எங்கம்மா எதிர்ல பேசட்டும்."

நான்தான் பையைத் தூக்கிக்கொண்டுபோய் அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

மே 27
மகன் என் முகத்தையே பார்க்கிறான். நான் சட்டியைத் தேய்க்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு
காலையில் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றான். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. தெருவிலேயே சொன்னான்.

"கொற எனக்குத்தான் அத்த. டெஸ்ட்டுல வந்துடுச்சி. ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். கெளம்பு, மணப்பட்டுக்குப் போலாம்."

"மெதுவா பேசுடா."

"நீ மெதுவாவா பேசுன?"

வள்ளியம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து பைக்கில் ஏறினாள். பூவும் பழமும் மடியில்.

மத்தியானம் செல்வகுமாரி போன் செய்தாள்.

"அத்த, உங்க நாத்தனாரு தப்பா பேசிட்டேன்னு சொன்னாங்க. எங்கம்மாவுக்குக் காது சரியா கேக்கலயாம். இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லியிருக்கறேன். முடிஞ்சதும் கெளம்பிடுவோம்."