விழுந்தாரா, வழுக்கினாரா

அன்புள்ள உம்மாவுக்கு, மகன் முர்ஷித் எழுதுற ஸலாம். அல்லாஹ்ட உதவியால நான் சுகம். வாப்பாட முழங்கால் நோவு குறைஞ்சிரிச்சா?

போனில சொன்னா பயந்திருவீங்கண்டு எழுதுறன். எங்கட ரூமில இருக்கிற நேபாளக்காரர் தில்பகதூர், கட்டிடத்தில ஏறி நிண்ட பலகை உடைஞ்சதால கீழ விழுந்து, அவர்ர கால் முறிஞ்சிட்டு. நான் ஒபிஸில எழுத்து வேலை பாக்குறதால அறிக்கையை என்னைத்தான் இங்கிலீசில எழுதச் சொன்னாங்க. 'ஃபெல்', விழுந்தார் எண்டு எழுதினன். சுப்பவைசர் அதை வெட்டி, "'ஸ்லிப்ட்' எண்டு போடு, ரெண்டும் ஒண்டுதானே" எண்டார்.

ஒண்டில்ல உம்மா. வழுக்கினாரெண்டா பிழை அவர்ர காலில. பலகையைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. "உடைஞ்ச பலகையை நான் கண்டன் சேர்" எண்டு சொல்லி, விழுந்தாரெண்டே திரும்ப எழுதிக் கையெழுத்து வெச்சன். கம்பனி இப்ப அவருக்கு வைத்தியம் பாக்குது. என்னை ஒபிஸிலிருந்து வெளிவேலைக்கு மாத்திட்டாங்க. வெயில்தான், வேறொண்டுமில்ல.

இந்தக் கடிதம் கொண்டுவாற இப்றாஹிம் காக்கா திரும்பி வரக்குள்ள என்ட சாரன் ஒண்டு குடுத்தனுப்புங்க. புதுசு வாங்க வேணாம். வீட்டில உடுத்த பழசு போதும், நீங்க கழுவி மடிச்சது.

வேன் வந்திட்டு. துஆ செய்யுங்க.

மகன் முர்ஷித்