கஜானிக்குத் தண்ணீர் வார்த்தது

14.05.2025 புதன்
கொடிகாமம் சந்தையில் இன்று என் கத்தரிக்காய்தான் ராசா. வாங்க வந்தவர்கள் நான் முந்தி நீ முந்தி என்று அடிபட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இவ்வளவு கெட்டித்தனம்!

அக்காவின் மகள் கஜானி பெரியபிள்ளையாகி மூன்று கிழமை. அக்கா போன வருசம் காய்ச்சலில் செத்தபிறகு பிள்ளை எங்களோடுதான். தாய்மாமன் நான். ஆவணியில் தம்பி ஜெயசுதன் கனடாவிலிருந்து வந்ததும் சாமத்தியவீடு, ஊரைக் கூட்டிப் பூப்பு விழா. மண்டபம், குதிரைவண்டி, ட்ரோன் கமரா. தென்மராட்சியே வாய் பிளக்கும்! அன்றைக்குத்தான் தீட்டுக் கழியத் தண்ணீர் வார்ப்பு. அதுவரை பிள்ளை வீட்டுக்குள்தான், பள்ளிக்கூடம் இல்லை.

20.05 செவ்வாய்
பள்ளிக்கூடத்துச் சமூகப் பணியாளராம், சுபாஜினி என்றொரு பிள்ளை, ஸ்கூட்டியில் வந்தாள். என்னைக் கண்டதும் நடுங்கிப்போனாள்.

"அண்ணை, கஜானி எப்ப வருவா?"

"ஆவணியிலை."

"உப்பிடி மாசக்கணக்கா வீட்டிலை நிண்ட ரெண்டு பிள்ளையள் பிறகு வரவேயில்லை. ஒண்டைப் பதினாறிலை ஒருத்தன் கூட்டிக்கொண்டு போட்டான்."

சாத்திர சம்பிரதாயமெல்லாம் எடுத்து விளாசினேன். அவள் கேட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கஜானியோடு கதைத்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம்!

22.05
கத்தரி விலை விழுந்துவிட்டது.

05.06 வியாழன்
சுபாஜினி திரும்பவும் வந்தாள். "மண்டபம் உங்களுக்கு வேணும் அண்ணை. அவளுக்கு என்ன வேணும் எண்டு கேட்டனீங்களோ?"

என்னைப் பார்த்து இப்படியொரு கேள்வி! தாயில்லாப் பிள்ளைக்குக் குறை வைத்தான் என்று ஊர் சொல்லக்கூடாதென்றுதானே நான் —

என் மனுசி ஞானாம்பிகை குசினி அடுப்படியிலிருந்து, "கேளுங்கோவன். வாய் தேஞ்சு போமே?" என்றாள்.

கேட்டேன். கஜானி நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "மண்டபம் வேண்டாம் மாமா. படமெடுக்கேக்கை அம்மா நிக்கிற இடத்திலை ஆர் நிப்பினம்?"

எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

08.06 ஞாயிறு
ஆவணி மட்டும் காத்திருக்கவில்லை; கிணற்றடியிலேயே தண்ணீர் வார்த்தோம். பாலும் அறுகம்புல்லும் அவள் தலையில் நான்தான் வைத்தேன். ஞானாம்பிகை, பக்கத்து வீட்டார், சுபாஜினி. வேறு ஒருவருமில்லை. படம் எடுக்கவில்லை.

ஜெயசுதன் போனில் கத்தினான். "மானத்தை வாங்கிப்போட்டாய் அண்ணை!"

"ஓமடா" என்றுவிட்டு வைத்தேன்.

09.06 திங்கள்
விடியவே கஜானி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நின்றாள். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் இறக்கினேன். வாசலில் கொஞ்சம் தயங்கினாள். அங்கே நின்ற சுபாஜினி வந்து பக்கத்தில் நடந்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

சந்தைக்குப் பிந்திப் போனேன். "எங்கை போனனீ, ஆரும் மந்திரி கூப்பிட்டவரோ?" என்று பகிடி விட்டார்கள்.

"மருமேளைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு வாறன்" என்றேன். கத்தரிக்காய்ச் சாக்கை அவிழ்த்தேன்.