ஹீட்டர் விஷயத்தில் நான் சொன்ன பொய்

பிளெமிங்டன், நியூ ஜெர்சி
பிப்ரவரி 16

அன்பு மகள் ஃபைஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் பதினொரு ஆடுகளும் அல்லாஹ்வின் கிருபையால் நலம், டெக்சாஸ் கேட்டியில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆச் செய்கிறோம். போனில் பேசாமல் வாப்பா எதற்குத் தமிழில் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய், போனில் என்றால் நான் பேச்சை மாற்றிவிடுவேன் என்று உம்மா சொல்கிறாள், அது உண்மைதான். எடிசன் தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிறுதோறும் அழுதுகொண்டே போனாயே, அதற்குப் பலனாக இப்படியொரு கடிதம் வரும் என்று அப்போது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அழுதிருப்பாய். மெதுவாகவே படி.

உம்மாவின் கண் ஆபரேஷன் நன்றாக ஆறிவிட்டது, இப்போது தூரத்திலிருந்தே நான் மாத்திரை போடாததைக் கண்டுபிடிக்கிறாள். கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. நிற்க, விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில், பனி தள்ளும் நம் பழைய டிராக்டர் குளிரில் கிளம்புவதற்கு எந்த ஹீட்டர் வாங்கலாம் என்று உன்னிடம் கேட்டேன். நீயும் ஆபீஸ் வேலைக்கு நடுவே தேடிப் பார்த்து, எஞ்சின் பிளாக்கிலேயே பொருத்தி கூலண்டைச் சூடாக்கும் வகைதான் சரி, காந்தத்தில் ஒட்டும் வகை வேண்டவே வேண்டாம், வாப்பா, உங்க டிராக்டருக்கு அடியில இருக்கிற ஆயில் பேன் அலுமினியம் என்று எழுதியிருந்தாய். எந்த நம்பருக்கு எந்த சைஸ் என்று ஒரு பட்டியலும் அனுப்பி, எஞ்சின் மேல் வார்த்திருக்கும் நம்பரைப் படித்து அதில் பார்க்கச் சொன்னாய். அந்த நம்பரைப் படிக்கத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும், பிறகு கூலண்டை வடித்து, எஞ்சின் பக்கத்தில் ஒரு மூடியைத் தட்டிக் கழற்ற வேண்டும். முப்பது வருஷம் ரயிலேறி மன்ஹாட்டன் போய் பேங்க் சாஃப்ட்வேர் எழுதியவனுக்கு எஞ்சினைத் திறக்கக் கை வராது. பயமாக இருக்கிறது என்று மகளிடம் சொல்ல வெட்கப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் காந்த ஹீட்டரையே வாங்கினேன். வைத்தேன், விழுந்தது. துடைத்துவிட்டு வைத்தேன், மறுபடி விழுந்தது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பது ஆறாம் வகுப்புப் பாடம், எனக்கு அது அறுபத்து நான்காம் வயதில் கொட்டகைத் தரையில் படுத்துக்கொண்டுதான் புரிந்தது. அதைப் பெட்டியிலேயே போட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

இதோடு விட்டிருந்தால் முட்டாள்தனம் என்று போயிருக்கும். ஜனவரியில் நீ வந்து, ஹீட்டர் போட்டாச்சா வாப்பா என்று கேட்டதும், போட்டாச்சும்மா, நீ சொன்னதையேதான் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ பார்க்க வருவாயே என்று ஒரு பழைய ஒயரை எஞ்சினுக்கு அடியில் கட்டி, பிளக்கை மட்டும் முன்னால் தொங்கவிட்டேன். மறு முனை எதிலும் சேரவில்லை, மகளே. நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பனி நின்ற பிறகு, நீயே கொட்டகைக்குப் போய் அந்த பிளக்கைச் சொருகினாய். எஞ்சினைத் தொட்டுப் பார்க்கப் போனவளை, கை அழுக்காயிடும் வா, டீ ஆறுது என்று சொல்லிக் கூட்டி வந்தவன் நான்.

காலையில் பதினான்கு அங்குலப் பனி. நெவார்க்கில் விமானமெல்லாம் நேரத்துக்குப் போனது, நம் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போகும் கால் மைல்தான் போகவில்லை. நான் பேட்டரி சாகும்வரை சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நீ அன்று மதியம் ப்ரமோஷன் இன்டர்வியூவுக்கு வைத்திருந்த கோட்டோடு ஷவலை எடுத்துப் பனியை வாரித் தள்ள ஆரம்பித்தாய். பனி தள்ளும் வாடகை பிளவ் வண்டி வரும்போது மணி பதினொன்று, மதியம் மூன்று மணிக்கு ஹூஸ்டனில் நீ உட்கார வேண்டிய நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். இந்தக் குளிருக்கு நீ சொன்ன ஹீட்டர் பத்தல போலிருக்கும்மா என்றேன். அதற்கு நீ, சாரி வாப்பா என்றாய். நீ என்னிடம் சாரி சொன்னாய்.

போன வாரம் உம்மா தீவனம் எடுக்கப் போனவள் அந்தப் பெட்டியோடு வந்தாள். அவள் கத்தவில்லை, மேஜைமேல் அதை வைத்துவிட்டு நீ அவளிடம் போனில் சொன்னதை மட்டும் சொன்னாள். ஒரு ஹீட்டர்கூட ஒழுங்கா செலக்ட் பண்ணத் தெரியல உம்மா, எனக்கு எதுக்கு அந்த ப்ரமோஷன், இனிமே அப்ளை பண்ண மாட்டேன் என்றாயாமே. நீங்க எழுதுறீங்களா, நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். எழுதுகிறேன், ஆனால் முதலில் மகள் சொன்ன ஹீட்டரைப் பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். உம்மா தன் முகம் பார்க்கும் கைக்கண்ணாடியையும் போன் லைட்டையும் எடுத்து வந்து, நின்ற இடத்திலிருந்தே அந்த நம்பரைப் படித்துவிட்டாள், படுக்கவே வேண்டியிருக்கவில்லை. நீ அக்டோபரில் அனுப்பிய பட்டியலில் அந்த நம்பருக்கு நேரே இருந்ததையே வரவழைத்தோம். எடிசனிலிருந்து வேலுமணி அங்கிள் வந்து பொருத்திக் கொடுத்தார், இதுக்கா மைதீன் இவ்வளவு பயந்தீங்க என்று கேட்டார். கூலண்டை நிரப்பாமல் பிளக்கைச் சொருகப் போனேன், ஹீட்டர் கருகிவிடும் என்று கையிலேயே தட்டினார்.

நேற்று முன்தினம் காலை இங்கே எட்டு டிகிரி ஃபாரன்ஹீட், வாளித் தண்ணீர் கல்லாகிவிட்டது. மூன்று மணி நேரம் ஹீட்டர் ஓடிய பிறகு எஞ்சினைத் தொட்டால் இளஞ்சூடு. சாவியைத் திருப்பிய இரண்டாவது சுற்றிலேயே பற்றிக்கொண்டது. நீ சொன்னது முதலிலிருந்தே சரி, பிழை முழுக்க என்னுடையது. போன வேலையை என்னால் திருப்பித் தர முடியாது, உனக்கு உன் மேலேயே சந்தேகம் வந்ததையாவது நான் எடுத்துப் போட வேண்டும். ஏப்ரலில் இன்னொரு இடம் வருகிறதாமே, அப்ளை பண்ணு. உன் மேனேஜருக்கு வேண்டுமானால் இவள் வாப்பா ஒரு பொய்யன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், அதில் எனக்கு நல்ல அனுபவம் வந்துவிட்டது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ரிஜ்க்கையும் பிழைப்பையும், என்னைப் பொறுத்துக்கொள்ளும் மனசையும் தருவானாக. காரில் ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது, தள்ளிப்போடாதே. திட்டுவதற்காகவாவது ஒரு தடவை போன் பண்ணு, குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு
உன் வாப்பா
மீரான் மைதீன்

ஃபைஹா, படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மைதான். நேற்று முன்தினம் சாவியைத் திருப்பியது மட்டும் நான். இவர் கொட்டகைக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். – உம்மா