கன்று கடித்த விரல்

அன்பு மகளுக்கு,

போன வாரம் பிறந்த கன்றை வாளியில் பால் குடிக்கப் பழக்குகிறேன். உனக்குத் தெரியுமே, பாலுக்குள் விரலை நீட்டினால் காம்பென்று நினைத்துச் சூப்பும்.

நேற்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, பால் செவப்பா இருக்கு?"

கன்றின் பல் விரலைக் கிழித்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை.

"பேச்சு சுவாரசியத்துல கவனிக்கல."

"கன்னுக்குட்டிகிட்ட அப்படி என்ன பேச்சு?" சிரித்தபடி துணி சுற்றிவிட்டாள்.

வலது கை முன்பே மணிக்கட்டுவரை மரத்துவிட்டது. நரம்பு என்கிறார் டாக்டர். சரியாகுமா என்றால் பேச்சை மாற்றுகிறார். அம்மாவிடம் சொல்லவில்லை. நீ வந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

இன்று இடது கை விரலைக் கொடுத்தேன். கன்று உடனே பழகிக்கொண்டது. எழுதத்தான் இன்னும் பழகவில்லை. கோணல் எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

அப்பா