சுவரில் விழாத முகம்

ஞாயிறு, இரவு

கழிமுகத்தில் வலை போடும் முறை இன்று அடுத்த குப்பத்துக்கு. எங்கள் ஆட்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கழிமுகத்தைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தைச் சுவரில் போடலாம் என்று நான்தான் சொன்னேன். போன வருஷம் செத்துப்போன அண்ணன் அதில் பேசுகிறான். அது வரும் ஆன்லைன் தளத்துக்குச் சந்தாவும் கட்டியிருந்தேன்.

லேப்டாப்பில் நன்றாக ஓடியது. புரொஜெக்டரை மாட்டியதும் குரல் மட்டும் வந்தது, சுவர் கறுப்பு. வழக்கம்போல அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கும் என்று லென்ஸை லுங்கியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் பிரவுசரில் எழுதியிருந்ததைப் படித்தேன். பாதுகாக்கப்பட்ட படமாம். வேறு திரையில் காட்டக் கூடாதாம்.

"யாராண்டேர்ந்து பாதுகாக்குறானுங்கோ? நம்மாண்டேர்ந்தா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா.

கழிமுகத்தில் சாம்பல் கலந்தபோது பாதுகாக்க ஒருத்தனும் வரவில்லை. அந்தத் தண்ணீரில் இடுப்பளவு நின்று பேசிய அண்ணன் முகத்துக்கு மட்டும் பூட்டு.

வயரைப் பிடுங்கப் போனேன்.

"இருடா, அல்லாரும் கேட்டுகினு கீறாங்கோ. அவன் பேசி முடிக்கட்டும்" என்றாள் அம்மா, கறுப்புச் சுவரைப் பார்த்தபடியே.

நாளை கல்மண்டபம் கடைத்தெருவில் படத்தின் திருட்டுக் காப்பி தேடப் போகிறேன். அதில் முகம் தெரியுமாம்.